தெளிவாகக் கேட்டது

அந்தியூர்,
12.1.2025

மரியே வாழ்க.

அன்புள்ள அண்ணனுக்கு, தங்கை விமலா எழுதுவது. அண்ணியின் இரண்டாம் வருட நினைவுப் பூசை முடிந்து நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் நின்றே வந்ததில் முட்டி வீங்கிவிட்டது, வேறு குறையில்லை. நீங்கள் காது மெஷினை மேசைக்குள் பூட்டி வைக்காமல் காதில் வைத்துக்கொள்கிறீர்களா? போனில் நான் கத்துவதும் நீங்கள் 'ம், ம்' என்பதும் போதும் என்றுதான் பழையபடி கடிதத்துக்கு வந்துவிட்டேன்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். பூசையில் எல்லோரும் நற்கருணை வாங்க எழுந்து போனபோது நீங்கள் மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தீர்கள். அண்ணிக்கான பூசையில்கூடவா?

இன்னொன்று. லஞ்ச ஒழிப்புச் சட்டத்தில் மாற்றம் கொண்டுவர ஒரு வரைவு தயாரித்துப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறார்கள். எங்கள் நுகர்வோர் சங்கத்தின் சார்பில் எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. அதில் ஒரு பிரிவு எனக்குப் பிடித்திருக்கிறது. லஞ்சம் வாங்குபவரைப் பொறிவைத்துப் பிடிக்கும்போது, கூடப் போகும் அரசு ஊழியர் 'பணம் கேட்டதை என் காதால் கேட்டேன்' என்று சாட்சி சொன்னால் அதுவே போதும், வேறு ஆதாரம் தேவையில்லை என்கிறது. கேட்டதை நிரூபிக்க முடியாமலேயே பல வழக்குகள் தோற்றுப்போகின்றனவாம். நீங்கள் அப்படிப் போய்ச் சாட்சி சொன்னவர்தானே. அந்த அனுபவத்தை ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். பெயர் போட மாட்டேன்.

மாத்திரையை மறக்க வேண்டாம்.

உங்கள் பிரியமுள்ள
விமலாராணி

*

போத்தனூர்,
30.1.2025

மரியே வாழ்க.

அன்புத் தங்கை விமலாவுக்கு, உன் கடிதம் கிடைத்தது. நான் சுகம். மெஷின் விசிலடிக்கிறது, ஆனாலும் போட்டுக்கொள்கிறேன். முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

நீ கேட்ட விவரம்: 2016 மார்ச் மாதம், நான் அரசு அலுவலகத்தில் உதவியாளராக இருந்தபோது, லஞ்ச ஒழிப்புத் துறையின் ஒரு வழக்குக்குச் சாட்சியாக என்னை அனுப்பினார்கள். புகார்தாரர் வெங்கடபதி நாயுடு, பம்ப் பவுண்டரி வைத்திருப்பவர். துடியலூருக்கு வடக்கே வாங்கிய நிலத்துக்குப் பட்டா மாற்ற, கிராம நிர்வாக அலுவலர் ஸ்ரீனிவாஸ் எட்டாயிரம் ரூபாய் லஞ்சம் கேட்டதாகப் புகார். நோட்டுகளில் ஒரு பவுடரைத் தடவிக் கொடுத்தார்கள். நாயுடுவின் உறவினர் போல நான் உடன் சென்றேன். அலுவலர் பணத்தைக் கேட்டு வாங்கினார். வெளியே காத்திருந்த ஆய்வாளர் உள்ளே வந்து அவர் கையை ஒரு கரைசலில் கழுவச் சொன்னார். தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறியது. நடந்ததை எழுதிய மகஜரில் கையெழுத்துப் போட்டேன். 2021இல் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னேன். அவ்வளவே.

பூசையன்று கால் மரத்துப்போயிருந்தது. வேறு காரணமில்லை.

ஆசிகளுடன்,
பிரகாசம்

*

அந்தியூர்,
9.2.2025

மரியே வாழ்க.

அன்புள்ள அண்ணா, எல்லோரும் சுகம். உங்கள் கடிதத்தைச் சங்கக் கூட்டத்தில் படித்தேன். 'இப்படி நாலு பேர் துணிஞ்சு சாட்சி சொன்னாப் போதுமுங்க டீச்சர்' என்றார்கள். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? அந்தப் பிரிவை ஆதரித்து எழுதும் இடத்தில் உங்கள் அனுபவத்தையே எடுத்துக்காட்டாகப் போட்டிருக்கிறேன்.

உங்கள் மச்சான் இறந்தபின் குடும்பப் பென்ஷனுக்கு நான் ஏழு மாதம் அலைந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 'வெறுங்கையோட வந்தா எப்படிங்க டீச்சர்' என்று சிரித்துக்கொண்டே கேட்டான் அந்த ஆள். பக்கத்தில் ஆறு பேர் இருந்தார்கள். யாருக்கும் காதில் விழவில்லையாம். அப்போதெல்லாம் உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன்.

இரண்டு விவரம் மட்டும் வேண்டும். அந்த அலுவலர் என்ன வார்த்தை சொல்லிக் கேட்டார்? அப்படியே போட்டால் படிப்பவர்களுக்கு உறைக்கும். அப்புறம், அந்த ஆள் என்ன ஆனார்?

முட்டி தேவலை.

விமலாராணி

*

போத்தனூர்,
17.3.2025

அன்புத் தங்கைக்கு, பதில் தாமதமானதற்கு வருந்தாதே. சளி பிடித்து இரண்டு வாரம் படுத்துவிட்டேன். இப்போது குணம்.

ஸ்ரீனிவாஸுக்கு 2022இல் மூன்று வருடம் தண்டனை விதித்தார்கள். மேல்முறையீடு செய்து ஜாமீனில் இருக்கிறார். வேலை போய்விட்டது. இப்போது ஒரு சின்ன லோடு ஆட்டோவில் தண்ணீர் கேன் போடுகிறார். எங்கள் தெருவும் அவருடையதுதான்.

நீ அதிர்ச்சி அடையாதே. இரண்டு வருடத்துக்கு மேலாகச் செவ்வாயும் வெள்ளியும் வருகிறார். முதல் நாள் கதவைத் திறந்ததும் அவரை நான் அடையாளம் கண்டேன், அவரும் என்னைக் கண்டுகொண்டார். கேனைத் தோளிலிருந்து இறக்கி ஸ்டாண்டில் கவிழ்த்துவிட்டு, என் வலப்பக்கம் வந்து நின்று, 'நல்லா இருக்கீங்களா சார்?' என்று சத்தமாக விசாரித்தார். இன்றுவரை அப்படித்தான். உன் அண்ணி போனபோது வாசலில் பந்தல் போடும்வரை நின்றார். பணத்தை வாங்கிக்கொண்டு 'வாரேனுங்க சார்' என்பார். வழக்கைப் பற்றி ஒரு சொல் கிடையாது.

அவர் போன பிறகு வெகுநேரம் நான் ஹாலுக்குள் போவதில்லை.

பிரகாசம்

*

அந்தியூர்,
28.3.2025

அன்புள்ள அண்ணா, கடிதத்தைப் படித்துவிட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த ஆளையா வீட்டுக்குள் விடுகிறீர்கள்? அவன் மனதில் என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? முதலில் வேறு ஆளிடம் தண்ணீர் வாங்குங்கள். தனியாக இருக்கிறீர்கள் என்பதை மறக்க வேண்டாம்.

இப்படி நாங்கள் பயந்துகொண்டிருப்பதால்தான் சாட்சிகளுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

அந்த வார்த்தையை நீங்கள் எழுதவில்லையே. நான் கேட்டதே அதைத்தான். ஒரே ஒரு வரிதானே அண்ணா.

விமலாராணி

*

போத்தனூர்,
2.5.2025

மரியே வாழ்க.

அன்புள்ள விமலா, உடம்புக்கு ஒன்றுமில்லை. இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இதையாவது அனுப்பிவிட வேண்டும்.

நீ கேட்ட வார்த்தை என்னிடம் இல்லை.

எனக்குக் காது ஓய்வு பெற்ற பிறகு போனதென்று நீங்களெல்லாம் நினைத்திருக்கிறீர்கள். சின்ன வயதில் சீழ் வைத்து இடது காது எப்போதோ போய்விட்டது. ஐம்பது வயதுக்குமேல் வலது காதும் மங்கத் தொடங்கியது. கண்காணிப்பாளர் பதவி உயர்வுப் பட்டியலில் அப்போது என் பெயர் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை, உன் அண்ணிக்கே இரண்டு வருடம் கழித்துத்தான் தெரியும். எதிரில் இருப்பவர் வாயைப் பார்த்துப் பேச்சைப் பிடித்துக்கொள்வேன். புரியாவிட்டால் தலையாட்டுவேன். அதில் நான் தேர்ந்துவிட்டேன்.

அன்று அந்த அறையில் நாயுடுவுக்குப் பின்னால் இரண்டடி தள்ளி நின்றேன். மேலே மின்விசிறி தடதடத்தது. ஸ்ரீனிவாஸ் ஒரு தடவை எங்களைப் பார்த்து ஏதோ சொன்னார். நாயுடுவின் தலை பாதி மறைத்துவிட்டது. பிறகு பீரோவைத் திறக்க முதுகைக் காட்டித் திரும்பி நின்றும் பேசினார். பின்னாலிருந்து தாடை அசைவது மட்டும் தெரிந்தது. அடுத்து நாயுடு பணத்தை நீட்டினார், அவர் வாங்கினார். அது என் கண்ணால் பார்த்தது. அதில் பொய்யில்லை.

மகஜர் எழுதும்போது ஆய்வாளர் முறையாகத்தான் கேட்டார். 'கொண்டாந்துட்டீங்களான்னு கேட்டாருங்க' என்றார் நாயுடு. 'உங்களுக்கும் அப்படித்தான் கேட்டதா?' என்று என்னிடம் கேட்டார். எனக்குக் காது கேட்காது என்று அந்த இடத்தில் எப்படிச் சொல்வது? தலையாட்டினேன். ஐந்து வருடம் கழித்துக் கூண்டில் ஏறியபோது மகஜரைப் படித்துப் பார்த்துவிட்டு அதையே சொன்னேன். 'தெளிவாகக் கேட்டதா?' என்றார் வக்கீல். அவர் என் பக்கத்தில் நின்று கத்திக் கேட்டதால் அந்தக் கேள்வி காதில் விழுந்தது. 'தெளிவாகக் கேட்டது' என்றேன்.

அன்றிலிருந்து யார் எனக்கு முதுகைக் காட்டி நின்றாலும் அந்தத் தாடைதான் தெரிகிறது. கோவிலில் சாமியார் பீடத்துக்குத் திரும்பும்போதுகூட. அந்த அசைவுக்கு எத்தனையோ வார்த்தைகளைப் பொருத்திப் பார்த்துவிட்டேன். உட்காருங்க. வெயில் ஜாஸ்திங்க. நாளைக்கு வாங்க. எல்லாமே பொருந்துகிறது. கொண்டாந்துட்டீங்களா என்பதும் பொருந்துகிறது.

இந்தப் பொய்யோடு நற்கருணை வாங்க நாக்கை நீட்ட முடியவில்லை. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தால், கோர்ட்டில் போய்ச் சொல் என்பாரே என்று அதற்கும் போகவில்லை.

அந்த ஆள் ஏன் எப்போதும் என் வலப்பக்கம் வந்து நின்று சத்தமாகப் பேசுகிறார் என்று உனக்கு எழுதும்போதுதான் உறைத்தது. அவருக்குத் தெரிந்திருக்கிறது.

பிரகாசம்

*

போத்தனூர்,
12.6.2025

அன்புள்ள விமலா, சாரல் பிடித்திருக்கிறது. நான் சுகம். மே மாதம் எழுதிய கடிதம் வந்ததா? தபாலில் தவறியிருந்தால் அதையும் தெரியப்படுத்து.

பிரகாசம்

*

அந்தியூர்,
20.7.2025

அன்புள்ள அண்ணனுக்கு, கடிதங்கள் கிடைத்தன. இங்கே எல்லோரும் சுகம். மருந்து மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், முட்டிவலி குறைந்திருக்கிறது. அடுத்த மாதம் ஆடிச் சந்தை. இப்போதே குதிரைகள் வந்து இறங்குகின்றன, தெருவில் நடக்க முடியவில்லை.

சங்கத்தின் மனுவை ஏப்ரலிலேயே அனுப்பிவிட்டோம். அக்டோபரில் ஈரோட்டில் கருத்துக் கேட்புக் கூட்டம். நான்தான் பேச வேண்டுமாம்.

மே மாதக் கடிதத்தின் முதல் இரண்டு வரிக்குமேல் நான் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுப்பில் போட்டுவிட்டேன். நீங்களும் இனி அதைப் பற்றி யாரிடமும் பேச வேண்டாம். பென்ஷனில் இருக்கிறீர்கள். அறுபத்திரண்டு வயதில் உங்களைக் கோர்ட்டுக்கும் ஜெயிலுக்கும் அனுப்பிவிட்டு நான் இங்கே எப்படி இருப்பேன்?

குடை எடுக்காமல் வெளியே போக வேண்டாம்.

விமலாராணி

*

போத்தனூர்,
6.8.2025

அன்புள்ள விமலா, நீ படித்தாலும் அடுப்பில் போட்டாலும் சரி, எழுதுகிறேன். உன்னைத் தவிர எனக்கு யாரும் இல்லை.

நேற்று செவ்வாய்க்கிழமை. ஸ்ரீனிவாஸ் கேனைக் கவிழ்த்ததும் உட்காரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை. காலிக் கேனைப் பிடித்தபடி நின்றார். அன்று அந்த அறையில் என் காதில் எதுவும் விழவில்லை, கோர்ட்டில் சொன்னது பொய் என்று சொல்லிவிட்டேன். உங்கள் வக்கீலிடம் எழுதித் தருகிறேன் என்றும் சொன்னேன்.

அவர் கேனைக் கீழே வைத்துவிட்டு என் வலப்பக்கம் வந்தார்.

"தெரியுமுங்க சார். மொத நாளே அஞ்சு தடவை பெல் அடிச்சேனுங்க. கதவைத் திறந்ததும் வலது காதைத்தான் என் பக்கம் திருப்புனீங்க. அப்பவே சந்தேகம். இப்பப் போனதா, அன்னைக்கே போனதான்னுதான் தெரியலீங்க."

வக்கீலிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"ரெண்டு தடவை அவரு ஆபீஸ் படி வரைக்கும் போயிட்டுத் திரும்பிப்போட்டேனுங்க." என்றார். "நான் கேட்டிருந்தேனுங்களே சார். அன்னைக்கு இல்லீங்க. முந்தின வாரம் நாயுடு ஊட்டுக்கே போய்க் கேட்டேனுங்க. அப்ப வேற யாரும் இல்லீங்க."

அன்று பேசியது என்ன என்று கேட்டேன். ஒன்பது வருடமாக நான் தேடும் வார்த்தை.

"காப்பி சாப்பிடறீங்களான்னு கேட்டேனுங்க. உங்களையும் பார்த்துத்தான் கேட்டேன். நீங்க தலையாட்டுனீங்க. காப்பிக்குச் சில்லறை எடுக்கத்தானுங்க பீரோவைத் திறந்தேன். சர்க்கரை போடலாங்களான்னு கேட்டுட்டே திரும்பறதுக்குள்ள நாயுடு பணத்தை நீட்டிட்டாருங்க. கை தானா போயிருச்சுங்க சார்."

'வாரேனுங்க' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஒரு குற்றமற்றவனை அழித்துவிட்டேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவர் குற்றமற்றவர் இல்லை. அதைக் கேட்டபோது பாரம் இறங்கும் என்று ஒரு கணம் எதிர்பார்த்தேன். இறங்கவில்லை.

பிரகாசம்

*

அந்தியூர்,
14.8.2025

மரியே வாழ்க.

அன்புள்ள அண்ணா, கர்த்தர் பெரியவர். அவன் வாயாலேயே ஒப்புக்கொண்டுவிட்டானே. கேட்டான், வாங்கினான், தண்டனை கிடைத்தது. நீங்கள் சொன்னதில் ஒரு வாரம் முன்பின், ஓர் இடம் மாறிவிட்டது, அவ்வளவுதானே. இதற்காக எதையும் எழுதிக் கொடுத்துவிட வேண்டாம். லஞ்சம் கேட்டவனைக் காப்பாற்றிவிட்டு நீங்கள் உள்ளே போவதா? நாளை மாதா திருநாள். இந்தத் திருநாளிலாவது நற்கருணை வாங்குங்கள்.

விமலாராணி

*

போத்தனூர்,
25.9.2025

அன்புள்ள விமலா, உடம்பு சுகம். மெஷினைப் புதிதாக மாற்றியிருக்கிறேன். விசில் இல்லை.

நீ சொன்னதை யோசித்துப் பார்த்தேன். அவர் கேட்டது உண்மை. ஆனால் நான் கேட்கவில்லை. நீதிமன்றம் என்னிடம் விசாரித்தது அவரைப் பற்றி மட்டுமில்லை, என் காதைப் பற்றியும்தான். நாளைக்கு இன்னொரு அறையில் இன்னொரு பிரகாசம் தலையாட்டுவான். அங்கே எதிரில் இருப்பவர் முந்தின வாரமும் கேட்டிராதவராக இருக்கலாம்.

போன மாதக் கடைசியில் ஸ்ரீனிவாஸின் வக்கீல் அப்துல் நாசரைப் போய்ப் பார்த்தேன். 'பொய்ச்சாட்சிக்கு ஏழு வருசம் வரைக்கும் தரலாமுங்க. யோசிச்சுத்தான் சொல்றீங்களா?' என்று இரண்டு முறை கேட்டார். பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். என் காது விவரம் மட்டும் எழுதினேன். ஸ்ரீனிவாஸ் என்னிடம் சொன்னதை எழுதவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர் அவர். இதை நீ எப்படி எடுத்துக்கொள்வாயோ தெரியவில்லை.

பத்து நாள் கழித்து, அந்தப் பத்திரத்தோடு வக்கீல் போட்ட மனு விசாரணைக்கு வருவதற்குள், மேல்முறையீட்டில் தீர்ப்பு வந்துவிட்டது. ஸ்ரீனிவாஸ் விடுதலை. அரசு ஊழியரான அவர்மேல் வழக்குத் தொடர அனுமதி கொடுத்த அதிகாரிக்கு அப்படிக் கொடுக்கும் அதிகாரமே இல்லையாம். பணம் கேட்டாரா, யார் காதில் விழுந்தது என்பதற்குள் நீதிமன்றம் போகவேயில்லை. என் பத்திரத்தை யாரும் பிரிக்கவில்லை.

அவர் வந்து சொன்னார். 'உங்க காயிதம் தேவைப்படலீங்க சார்' என்றார். முகத்தில் சந்தோஷமும் இல்லை. அவர் கேட்டதும் நான் கேட்காததும் வெளியே வராமல் எங்களுக்குள்ளேயே முடிந்துவிட்டது.

அப்படி முடியக் கூடாது, விமலா. உன் மனுவில் என்னைப் பற்றி எழுதிய பக்கத்தை எடுத்துவிடு. ஈரோட்டுக் கூட்டத்தில் அந்தப் பிரிவை ஆதரித்துப் பேசாதே. அதற்குப் பதிலாக நான் மே மாதம் உனக்கு எழுதியதைப் படி. நீ எரித்துவிட்டாய் என்பதால் மறுபடி எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். ஓர் அரசு ஊழியர் என்று போடாதே. என் பெயரைப் போடு.

பிரகாசம்

*

அந்தியூர்,
16.10.2025

மரியே வாழ்க.

அன்புள்ள அண்ணனுக்கு, நான் சுகம். நேற்று ஈரோட்டில் கூட்டம் முடிந்து இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

உங்கள் செப்டம்பர் கடிதத்துக்கு ஏன் பதில் எழுதவில்லை என்று நினைத்திருப்பீர்கள். மூன்று வாரமாக உங்களிடம் கோபத்தில் இருந்தேன். மே மாதக் கடிதத்தை நான் எரிக்கவுமில்லை. பைபிளுக்குள் வைத்திருந்தேன். கோபம் உங்கள்மேல் இல்லை என்று பஸ்ஸில் போகும்போதுதான் தெரிந்தது. சங்கத்தில் அத்தனை பேர் முன்னால் உங்களை வைத்துப் பெருமை பேசியிருந்தேனே, அதை எப்படித் திரும்ப வாங்குவது என்ற கோபம்.

என் முறை வந்ததும் முதலில் எங்கள் மனுவின் மூன்றாம் பக்கத்தைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னேன். சங்கத் தலைவர் என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். நான் உட்காரவில்லை. பென்ஷனுக்காக நானும் கடைசியில் கவர் கொடுத்தவள்தான் என்பதையும் சொன்னேன். உங்களிடம்கூட இதைச் சொன்னதில்லை. அப்புறம் உங்கள் கடிதத்தைப் படித்தேன். தலையாட்டினேன் என்ற வரியை இரண்டு முறை படித்தேன். கூடத்தில் அறுபது எழுபது பேர் இருந்தார்கள்.

மேடையில் இருந்த அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "ஏனுங்கம்மா, இது நெசமா நடந்ததுங்களா, இல்லை உதாரணத்துக்குச் சொல்றீங்களா? இந்தச் சாட்சி உசிரோட இருக்காருங்களா?"

"போத்தனூர்ல இருக்காருங்க. எங்க அண்ணன்" என்றேன்.

பெயரும் கதவு எண்ணும் கேட்டு எழுதிக்கொண்டார். சொன்னேன்.

அந்தப் பிரிவை எடுப்பார்களா என்று தெரியாது. உங்கள்மேல் வழக்கு வருமா என்றும் தெரியாது. வெளியே வந்தபோது யாரும் என்னிடம் பேசவில்லை. ஓர் அம்மா மட்டும் வந்து என் கையைப் பிடித்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். துணிமணியோடுதான் வருகிறேன், எத்தனை நாள் என்று கேட்க வேண்டாம். யாராவது விசாரிக்க வந்தால் நான் உங்கள் வலப்பக்கம் உட்கார்ந்துகொள்கிறேன். அவர்கள் சொல்லும் ஒவ்வொரு வார்த்தையையும் உரக்கத் திருப்பிச் சொல்கிறேன். காதில் விழாவிட்டால் விழவில்லை என்று சொல்லுங்கள். தலையாட்ட வேண்டாம்.

உங்கள் தங்கை
விமலாராணி